பெரட்டு என்று நான்தான் சொன்னேன்

எழுபதுகளின் நடுவிலிருந்து ஈப்போவுக்கு வெளியே ஒரு ரேடியோ தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். ஆறாவது வருடம் என்னை லைன் லீடராக உயர்த்தினார்கள். கூடவே வயிற்றுவலியையும் கொடுத்தார்கள். ஓடும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் இருபத்திரண்டு பெண்கள் உட்கார்ந்து ரேடியோ பாகங்களை ஈயம் வைத்து ஒட்டுவார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருக்க வேண்டும். பெல்ட்டின் வேகத்தை மாடியில் இருப்பவர்கள் கூட்டுவார்கள். கணக்குக்குக் குறைந்தால் மேலேயிருந்து எனக்கு ஏச்சு. வேகம் தாங்கவில்லை என்று கீழேயிருந்து என்னிடம் அழுகை. கம்பெனி கிளினிக்கின் டாக்டர் வயிற்றை ஒரு தட்டு தட்டி, "கேஸ்டிக்" என்று சொல்லி, சுண்ணாம்புத் தண்ணீர் போன்ற வெள்ளை மருந்து ஒரு போத்தல் கொடுத்தார்.

"காலையில எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

"சாப்பிட நேரமில்ல டாக்டர்."

"ஷிப்ட் ஏழரைக்குத்தானே?"

"ஆமா. ஆனா நான் ஆறே முக்காலுக்கே வந்துருவேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பெருமையாகத்தான் ஏதாவது சொல்லியிருப்பேன். எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் பிந்தியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், கிழக்கைப் பார், ஜப்பானைப் போல உழை என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் மேனேஜர் ஜப்பானுக்குப் போய் இரண்டு வாரம் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் எல்லாரையும் முற்றத்தில் கூட்டி, உங்களுக்கெல்லாம் 'ஸ்ட்ரெஸ்' இருக்கிறது, அதைக் குறைக்கப் போகிறேன் என்றார். தமிழில் எடுத்துச் சொல்ல, ஆட்களின் வேலை விவகாரங்களைக் கவனிக்கும் பெர்சனல் ஆபீசரை முன்னால் விட்டார்கள். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைக்காரர். கொஞ்சம் யோசித்து, "மன அழுத்தம்" என்றார்.

என் லைனில் கடைசி நாற்காலியில் இருந்த அக்கா என் காதோரம், "பிரஷரா? எனக்குப் பிரஷர் இல்லலா, போன மாசம்தான் பாத்தாங்க" என்றார்.

மேனேஜரின் மருந்து இதுதான். ஏழு இருபதுக்கு எல்லாரும் முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். லைன் லீடர் பேர் கூப்பிட வேண்டும். பிறகு ஒலிபெருக்கியில் வரும் இசைக்குக் கையைத் தூக்கி, இடுப்பை வளைத்து, பத்து நிமிடம் உடற்பயிற்சி. அந்தப் பத்து நிமிடம் கம்பெனி நேரத்தில் இல்லை, எங்கள் நேரத்தில். பெல்ட்டைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த மாதமே வேகத்தை இன்னும் கூட்டினார்கள். எரிச்சலில் எனக்கு வெள்ளை மருந்து வாரத்துக்கு இரண்டு போத்தல் ஆனது.

என் லைனில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். நானே சுங்காய்ப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், எங்கள் பேச்சில் கித்தாத் தோட்டத்தில், பிறந்தவள். அதனால் புதிய ஏற்பாட்டை அவர்களுக்கு விளங்க வைக்க எனக்கு அரை நிமிடம்தான் ஆனது.

"ஒன்னுமில்ல அக்கா. நம்ம தோட்டத்துப் பெரட்டுதான். விடியக்காலம் வரிசையில நிக்கணும், பேர் கூப்பிடுவாங்க. பிந்துனா கதை முடிஞ்சிச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. ஒரே வாரத்தில் மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும்கூட "பெரட்டு, பெரட்டு" என்று சொல்லிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்கள். ஆபீசர் ஒரு பக்கம் பேசியும் விளங்காததை நான் ஒரே சொல்லில் விளக்கிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

அடுத்த மாதம் கடைசி நாற்காலி அக்கா ஒரு நாள் வரவில்லை. அவர் வராவிட்டால் அந்த நாற்காலியில் நான்தான் உட்கார வேண்டும். அவர் கை வேகம் எனக்கு வராது. அன்றைக்குக் கணக்குக் குறைந்தது, வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாள் அவர் சாப்பாட்டுத் தூக்கோடு ஒன்றும் நடக்காததுபோல வந்து உட்கார்ந்தார்.

"நேத்து ஏன் வரல?"

"பஸ் பிந்திருச்சு தங்கச்சி."

"பஸ் நாள் பூராவுமா பிந்திச்சு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தெரியாத மாதிரி கேக்குறியே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஈயத்தை எடுத்தார். திமிர் என்று நினைத்தேன். முன்பெல்லாம் அவருடைய பஸ் பிந்தினால் பிந்தித்தான் வருவார், பஞ்ச் கார்டில் சிவப்பு விழும், அத்தோடு சரி. இப்போது என்ன புதிதாக நாள் கணக்கில் லீவு? முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, மலாயில். அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே கதை, இரண்டாவது கடிதம்.

இது எதில் போய் முடியும் என்று கேட்க ஆபீசரிடம் போய் நின்றேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து, டைப் அடித்து வைத்திருந்த மூன்றாவது கடிதத்தைக் காட்டினார்.

"பிள்ளை, வேலை நீக்கம்தான். இனி ஒரு நாள் வராட்டி திகதி மட்டும் போட்டுக் குடுக்கிறது. நான் என்ன செய்யிறது? சட்டம் அப்பிடிக் கிடக்கு."

அக்காவின் வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. அவர்கள் இருந்த தோட்டத்தையே துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தார்கள். கித்தா மரங்களை வெட்டி வீடு கட்ட மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த வேலை போனால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. அது தெரிந்த மனுஷி எப்படி இவ்வளவு அலட்சியமாக இருக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பெல்ட் பக்கத்தில் கேட்டால் இருபத்தொரு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் மறுநாள் காலை தொழிற்சாலைக்குள் போகாமல் எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் நின்றேன்.

ஏழு மணி. பஸ் இல்லை. ஏழு பத்து, இல்லை. உள்ளே போய்விடலாம் என்று இரண்டு முறை சாலையில் கால் வைத்தேன். அவர் அன்றைக்கும் வராமல் போனால்? திரும்பி வந்து நின்றேன். ஏழு இருபதுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் இசை கிளம்பியது. என் லைன் தலைவி இல்லாமல் நின்றது தெரிந்தது. வயிறு எரிந்த எரிச்சலில் நிற்க முடியவில்லை. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நிறுத்தத்துத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஏழு இருபத்தைந்துக்கு பஸ் வந்தது. அக்கா நீலச் சீருடையோடும் சாப்பாட்டுத் தூக்கோடும் இறங்கினார். வேலிக்குள் பார்த்தார். கைகள் எல்லாம் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தன. அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு என்னைக்கூடப் பார்க்காமல், திரும்பிப் போகும் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

"அக்கா! எங்க போறீங்க?"

திரும்பினார். "வீட்டுக்குத்தான். பெரட்டு முடிஞ்சிருச்சே."

"முடிஞ்சா என்ன?"

"பெரட்டுக்குப் பிந்துனா பேர் விழாதுல்ல? அன்னைக்கு வேலை இல்லதானே?"

"யாருக்கா அப்படிச் சொன்னது?"

"நீதானே சொன்ன, கதை முடிஞ்சிச்சுன்னு."

ஆமாம், நான்தான் சொன்னேன். தோட்டத்தில் அப்படித்தான். பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் வேலை வாங்கும் மண்டோர் திருப்பி அனுப்பிவிடுவார். இருபது வருடம் கித்தா மரத்தில் பால் வெட்டிய அக்காவுக்கு நான் அந்தச் சொல்லைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வேடிக்கையாகச் சொன்னேன் என்று இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

"உள்ள வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா."

"உள்ள போனா எல்லாரும் பாக்கத் திரும்பி நடக்கணும் தங்கச்சி. அதுக்கு வாசல்லயே திரும்பிறது நல்லதில்ல?"

என் அம்மா ஒருமுறை அப்படி நடந்திருக்கிறார். எனக்கு அப்போது காய்ச்சல், அதனால் அவர் பிந்திப்போனார். நூறு பேர் பார்க்க, வாளிகளைத் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்தார். மறுநாள் விடியுமுன்பே போய்ப் பெரட்டில் முதல் ஆளாக நின்றார். ஆறே முக்காலுக்கே தொழிற்சாலை வாசலில் நிற்கும் என் ஒழுக்கம் எங்கிருந்து வந்தது என்று அந்தச் சாலையோரத்தில் எனக்கு விளங்கியது. டாக்டரிடம் பெருமைப்பட ஒன்றுமே இருந்திருக்கவில்லை.

அக்காவின் கையைப் பிடித்தேன். "வாங்க."

"வேணாம்லா, ஏசுவாங்க."

"ஏசட்டும். ஏசினா ரெண்டு பேரையும் ஏசட்டும்."

முற்றத்தைக் கடந்து நடந்தோம். எல்லாரும் பார்த்தார்கள். அக்காவின் உள்ளங்கை ஈரமாக இருந்தது, என்னுடையதும்தான். மேனேஜர் தூக்கிய கையை இறக்கிவிட்டு எங்களிடம் வந்தார். பக்கத்தில் ஆபீசர்.

"கெனாப்பா லம்பாட்?" ஏன் தாமதம் என்று மலாயில் என்னைக் கேட்டார்.

பஸ், வயிறு, கடிதம், அம்மா எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தன. வாயில் வந்தது ஒரே சொல்தான்.

"பெரட்டு, பாஸ்."

அவர் ஆபீசரிடம் திரும்பி, அது ஸ்ட்ரெஸ்ஸுக்குத் தமிழ்ச் சொல்லா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆபீசர் என்னைப் பார்த்தார். அக்காவின் கையை விடாமல் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார்.

"கிட்டத்தட்ட அதுதான், சேர்" என்றார்.

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை. பெல்ட் அன்றைக்கும் அதே வேகத்தில்தான் ஓடியது, கணக்கும் குறைந்தது. ஆனால் அந்த மூன்றாவது கடிதத்தில் கடைசிவரை திகதி விழவில்லை.

லைனுக்குப் போகும் வழியில் இருவரும் பஞ்ச் கார்டைச் செருகினோம். ஏழு முப்பத்து நாலு, சிவப்பு மையில். அக்கா தன் கார்டைப் பார்த்தார், என்னுடையதையும் வாங்கிப் பார்த்தார்.

"பெரட்டுக்குப் பிந்துனாலும் இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அக்கா" என்றேன். என் கார்டில் விழுந்த முதல் சிவப்பு அது. எனக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது.