அத்தைக்கு இடம் பார்த்தோம்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் என் அத்தை எங்கள் ஊர் போடியிலிருந்து மலைமேல் இருக்கும் போடிமெட்டுக்குத் தனியாகப் போய்விட்டு வந்தாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. முப்பது வயது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. பேச்சு ஒன்றிரண்டு சொற்களோடு நின்றுவிடும். அப்பா அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

அம்மா ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகத் தொடங்கிய புதிது. அத்தையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள். பூட்டிய கதவை எப்படித் திறந்தாளோ, எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் அத்தை ஏறிவிட்டாள். சாயந்திரம் டிரைவரே வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

“முன்சீட்டுதான் வேணும்னு அடம்பிடிச்சுச்சுண்ணே” என்றார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் அதுவரை மெட்டைப் பார்த்ததில்லை. அப்பாவோ அன்று ராத்திரியே கதவுக்கு இன்னொரு பூட்டு வாங்கிவந்தார்.

அடுத்த வாரம் ஓர் அக்கா வீட்டுக்கு வந்தார். அத்தை போன்றவர்களுக்கு எங்கெங்கே என்னென்ன உதவி கிடைக்கும் என்று குடும்பங்களுக்குச் சொல்வது அவர் வேலை. இரண்டு இடங்களைச் சொன்னார். ஒன்று, தேனிக்கு அப்பால் இருந்த விடுதி, அங்கேயே தங்கலாம். இன்னொன்று, போடியிலேயே ஒரு பகல்நேர மையம். எது நல்லது என்று அப்பா கேட்டார்.

“நான் சொல்ல மாட்டேண்ணே. போய்ப் பாருங்க. அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.”

“அவளுக்கு என்னம்மா தெரியும்?”

அக்கா பையைத் திறந்தார். கேட்க வேண்டிய கேள்விகள் என்று ஒரு தாளைக் கொடுத்தார். பதில்களை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. புதிதாக ஒரு நோட்டும் வாங்கிக் கொடுத்தார்கள்.

விடுதியில் தரையெல்லாம் டைல்ஸ். எல்லோரும் நீலச் சட்டை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ‘ஊஞ்சல் 1, டிவி 1’ என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அம்மா தாளைப் பார்த்து, “சாப்பாட்டு நேரத்துல யாருக்காச்சும் பசிக்கலேன்னா என்ன செய்வீங்க?” என்று கேட்டாள்.

“அப்படி யாரும் சொல்றதில்லைங்க” என்றார் பொறுப்பாளர்.

அதையும் எழுதிக்கொண்டேன். அத்தை அங்கிருந்து கிளம்பும்வரை அம்மாவின் முந்தானையை விடவில்லை. அப்பாவுக்கு விடுதி பிடித்திருந்தது. வாசல் கேட் நல்ல உயரம் என்று பஸ்சில் இரண்டுமுறை சொன்னார்.

போடி மையம் தகரக்கூரை போட்ட கட்டடம். ஒரே சத்தம். ஃபேனை யார் பக்கம் திருப்புவது என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊஞ்சல் இல்லை. நான் அதற்குச் சுழியம் போட்டேன். அப்போது அங்கே வேலை பார்த்த ஒரு பெண் அத்தை பக்கத்தில் வந்து குனிந்து, “டீயா, காப்பியா?” என்று கேட்டார்.

“டீதான் குடிப்பா” என்றார் அப்பா.

அந்தப் பெண் அத்தையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“காப்பி” என்றாள் அத்தை.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் எப்போதும் டீதான். அத்தை காப்பியை ஊதி ஊதிக் குடித்து முடித்தாள். பிறகு ஃபேன் சண்டை நடந்த இடத்துக்குப் போய் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

“பாப்பா, போவமா?” என்று அப்பா கூப்பிட்டார்.

அத்தை எழுந்திருக்கவில்லை.

அன்று ராத்திரி என் நோட்டை யாரும் கேட்கவில்லை. ஊஞ்சல் கணக்குப்படி விடுதிதான் ஜெயித்திருந்தது என்பதால் எனக்கு வருத்தம்.

திங்கட்கிழமை அத்தையை மையத்தில் சேர்த்தார்கள். அவள் அழுதால் உடனே கூட்டிவந்துவிடலாம் என்று அப்பா எஸ்டேட்டுக்கு லீவு போட்டிருந்தார். அத்தை செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா மத்தியானம்வரை எதிரே இருந்த கடை நிழலிலேயே நின்றிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, “அழுதாளா?” என்று கேட்டாள்.

“இல்ல. ஒரு சொட்டு அழுகல” என்றார் அப்பா. சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அழாததற்கு யாராவது வருத்தப்படுவார்களா என்று நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.