பஸ் திரும்பாத முனை

குடியிருப்பில் எல்லாரும் அவரைப் பதினேழு என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழாம் நம்பர் பஸ்ஸைப் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறவர். உள்ளே புகுந்து ஆறு பிளாக்கையும் சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் ஏறுகிற பஸ் அது ஒன்றுதான். மூன்றாவது பிளாக்கில் அவருடைய அக்கா தனியாக இருந்தார். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை, முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவர். காலை ஆறேகாலுக்குத் தம்பியின் பஸ் வாசலில் வந்து நிற்கும். அக்கா கம்பியைப் பிடித்து ஏறி உட்காருகிற வரைக்கும் அவர் கியரைத் தொடமாட்டார்.

கடைசி இரண்டு பிளாக்கை இடித்துவிட்டு உயரமான கட்டடம் எழுப்பப்போகிறார்கள், பாதைகளும் மாறும் என்று பேச்சு வந்தது. பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். திட்ட அலுவலகத்திலிருந்து வந்த பெண் இன்ஜினியர் சுவரில் வரைபடத்தை ஒட்டிவிட்டு, யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்றார். ஒருவரும் அசையவில்லை. பதினேழுதான் எழுந்து போய், புதுக் கட்டடத்தின் மூலையில் விரலை வைத்தார்.

"இந்த முனையில பஸ் திரும்பாதும்மா. பின்சக்கரம் நடைபாதையில ஏறிடும். சுவரை நாலடி உள்ள தள்ளிக் கட்டுங்க, கண்ணை மூடிக்கிட்டுத் திருப்பிக் காட்டறேன்."

ஹாலே கைதட்டியது. இன்ஜினியர் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். படித்தவர்களுக்கே என் தம்பி பாடம் எடுத்தான் என்று அக்கா பிளாக் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நான்கு மாதம் கழித்து பஸ் நிறுத்தத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அனுபவமுள்ள ஓட்டுநரின் கருத்துப்படி உள்சாலையில் பேருந்து திரும்ப வழியில்லை என்பதால், தடம் பதினேழு இனி மெயின் ரோட்டோடு போய்விடும். நாலடியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பக்கத்தில் ஒட்டியிருந்த புது வரைபடத்தில், அந்த நாலடியில் கார் நிறுத்தத்துக்கு இறங்குகிற சரிவுப் பாதை வந்திருந்தது.

லீவு போட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனார். இன்ஜினியர் மரியாதையாக உட்காரவைத்து, ஃபைலைத் திருப்பிக் காட்டினார்.

"பஸ் திரும்பாதுன்னு சொன்னது கருத்து சார். நாலடி தள்ளுங்கன்னது ஆலோசனை. கருத்தை மேல ஏத்துக்கிட்டாங்க. ஆலோசனையை ஏத்துக்கல."

"ரெண்டையும் ஒரே மூச்சுலதானம்மா சொன்னேன்."

"படிவத்துல ரெண்டும் தனித்தனிக் கட்டம் சார்."

தன் பெயரையாவது எடுத்துவிடச் சொன்னார். கையெழுத்துப் போட்ட காகிதத்தில் கைவைக்க முடியாது என்று சொல்லி இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. அதுதான் இவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கத்துவதற்குக்கூட ஆள் இல்லை.

கைதட்டியவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் பஸ்ஸாவது மிஞ்சியிருக்கும் என்று அவர் காதில் விழும்படி பேசினார்கள். மெயின் ரோடு நல்ல காலுக்குப் பதினைந்து நிமிட நடை. அக்காவுக்கு முக்கால் மணி நேரம். நடுவில் உட்கார ஒரு கல் கிடையாது. ஒரே மாதத்தில் ஐந்து நாள் தாமதமாகப் போனார். மழை பிடித்ததும் அக்காவே வேலையை விட்டுவிட்டார்.

செய்தி கேட்டுத் தம்பி ஓடிப் போனபோது அக்கா திட்டவில்லை. துணி மடித்துக்கொண்டே கேட்டார்:

"அவங்க இடத்தைப் பிடிச்சாங்க, அது அவங்க புத்தி. அத்தனை பேர் உட்கார்ந்திருக்கறப்ப நீ எதுக்குடா எழுந்து நின்ன?"



கட்டடம் முடிந்து ஆட்கள் குடிவந்தார்கள். ஒரு விடுமுறை நாளில் அந்த முனையில் நின்று பார்த்தார். குடிவருகிறவர்களின் சாமான் லாரி வந்தது. பஸ்ஸைவிட ஒரு முழம் நீளம். பின்சக்கரம் நடைபாதையில் ஏறி, ஓரக்கல்லை உடைத்துக்கொண்டு முனையைத் திரும்பிப் போயே போய்விட்டது. மறுநாள் இரண்டு பேர் வந்து புதுக் கல் பதித்தார்கள். அதற்கப்புறமும் லாரிகள் வந்தன, கல் பதித்தார்கள்.

அந்த வாரமே டிப்போவில் வேறு தடம் கேட்டு எழுதிக் கொடுத்தார். கிடைத்தது. நகரத்தின் மறுகோடியில், முகம் தெரியாத ஜனங்களை ஏற்றி இறக்குகிறார். வாரம் ஒருநாள் அக்காவுக்கு முழங்கால் தைலம் வாங்கிக்கொண்டு போவார். அக்கா வாங்கிக்கொள்வார். உட்காரு என்று மட்டும் சொல்லமாட்டார்.