நான்கு விரல் இடைவெளி

எங்கள் வானிலைச் செயற்கைக்கோள் ஆய்வு நிலையத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் ஒன்பது பேர். ஆண்டெனாத் தட்டுக்கு அடியில் படுத்து கிரீஸ் போடத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், ஜுராந்திர் செசாரியோ. முப்பத்தொரு வருடத்துக்கு முன் வாசல் காவலாளியாக வந்தவர். தட்டு மக்கர் பண்ணும்போதெல்லாம் எட்டிப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டார். தினமும் மதியம் இரண்டு பத்துக்குத் தெற்கிலிருந்து வரும் பழைய செயற்கைக்கோளுக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். சொன்ன நேரத்துக்கு வரும், எல்லாவற்றையும் பார்க்கும்.

செப்டம்பரிலிருந்து அந்த மாமியார் அனுப்பிய படங்களில் தெற்கு ஓரம் வெட்டுப்பட்டு வந்தது. பிரேசிலில் எங்கள் பக்கம் குளிரும் புயலும் தெற்கிலிருந்துதான் வரும். அந்த ஓரம் இல்லாத படத்தை வைத்து என்ன செய்ய? எங்கள் இயக்குநர் இவோனெ கேபிளை மாற்றினார், ரிசீவரை மாற்றினார், புரோகிராமைத் திரும்ப எழுதச் சொல்லி என் உயிரை வாங்கினார். ஒன்றும் நடக்கவில்லை. தலைநகரத்திலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமைச் சோதனையில் முழுப்படம் வராவிட்டால் ஆண்டெனாவைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோவார்களாம். ஆண்டெனா போனால் ஜுராந்திருக்கு இங்கே வேலை இல்லை.

அந்த வியாழக்கிழமை மதியம் அவர் சாப்பாட்டுத் தட்டில் சோறும் பீன்ஸும் ஆறிக் கிடந்தன.

"என்னண்ணே, சாப்பாட்டுக்குக் காவலா?" என்றேன்.

"ஒண்ணு சொல்லுவேன், திட்டக்கூடாது. ஆண்டெனா காலடியில மண் ஜோவான் கூடு கட்டிச்சுல்ல..."

மண் ஜோவான் களிமண்ணில் அடுப்பு மாதிரி கூடு கட்டும் பறவை. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாது என்பார்கள். அதன் கூட்டை எங்கள் ஊரில் யாரும் உடைக்க மாட்டார்கள், சாமியே இல்லை என்கிற இவோனெ உட்பட.

"தட்டு முழுசாச் சாஞ்சா கூட்டை நசுக்கிரும்னு தோணுச்சு. சாயறதை நிறுத்துற சுவிட்ச்சை ரெண்டு விரல் மேல ஏத்திட்டேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! தட்டு அடிவானத்தைப் பார்ப்பதற்குள்ளேயே நின்றுவிட்டால் தெற்கு எப்படி வரும்? இரண்டு மாதம் நான் தலையைப் பிய்த்துக்கொண்டது இதற்குத்தான். வந்த கோபத்தில் அவர் கையைப் பிடித்து நேரே இவோனெயிடம் கூட்டிப்போனேன்.

இவோனெ கத்துவார் என்று பார்த்தால், ஒரு கேள்விதான் கேட்டார். "அளந்து பாத்தீங்களா?"

"எதை, டாக்டரம்மா?"

"தட்டுக்கும் கூட்டுக்கும் நடுவுல எவ்வளவு இருக்குன்னு."

"கண்ணால பாத்தேன். இடிக்கும்போல இருந்துச்சு."

ஒன்றரை மணி. மூவரும் வெயிலில் ஓடினோம். கூட்டுக்குள் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. சுவிட்ச்சைப் பழைய இடத்துக்கு இறக்கினோம். ஜுராந்திர் மல்லாந்து படுத்து, கூட்டின் மேல் உள்ளங்கையைக் குடைபோல வைத்துக்கொண்டார்.

"மெதுவா இறக்கு. நான் கத்தினா நிறுத்திரு. வேலை போனாப் போகுது."

நான் பொத்தானை அழுத்தினேன். தட்டு சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது, கடைசிவரை சாய்ந்து நின்றது. அவர் கத்தவில்லை.

"அண்ணே?"

"நாலு விரல் இடம் இருக்கு," என்றார் அடியிலிருந்து. "கை தாராளமாப் போகுது." பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர்.

எங்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. தட்டு ஒரு நாளைக்குப் பத்து தடவை முழுதாகச் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தபோதுதான் அந்தப் பறவை கூடே கட்டியது. தட்டு எதுவரை வரும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. தெரியாதவர்கள் நாங்கள்தான்.

இரண்டு பத்துக்கு மாமியார் வந்தது. படம் தெற்குக் கோடியிலிருந்து ஒரு கோடு விடாமல் இறங்கியது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. திரைக்கு முன் எல்லோரும் கை தட்டினார்கள். ஜுராந்திர் மட்டும் ஜன்னலோரம் நின்று ஆண்டெனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டுக்கு மேலே தட்டு திரும்பிக்கொண்டிருக்க, தாய்ப்பறவை வாயில் புழுவோடு கூட்டுக்குள் போய் வந்தது.

"அண்ணே, இனிமே சுவிட்ச்சைத் தொடுறதுக்கு முன்னாடி என்கிட்ட கேளுங்க," என்றார் இவோனெ. கொஞ்சம் யோசித்து, "இல்லன்னா அந்தப் பறவைகிட்டயாவது கேளுங்க," என்றார்.

ஜுராந்திர் தலையாட்டிவிட்டு, ஆறிப்போன பீன்ஸைச் சூடு பண்ணப் போனார்.