வலது கண் நின்ற இடம்

முதலில் இரண்டாகத் தெரிந்தது ஒரு பேருந்து. லஸ் முனையில், மாலை நேரத்தில், தங்கை ஹேமாவோடு நின்றிருந்தேன். வலப்பக்கமிருந்து வந்த வண்டிக்குப் பக்கத்தில், சற்று விலகி, அதே வண்டி இன்னொன்றும் வந்தது. தலையைத் திருப்பி நேராகப் பார்த்ததும் ஒன்றாகிவிட்டது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தொண்ணூறுகளின் நடுவில், மார்கழி சீசன் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். அப்போது மயிலாப்பூரில் எந்த நடனக்காரிக்கும் தூக்கம் போதாது.

நான் பரதநாட்டியம் ஆடியவள். ஹேமா எனக்கு நட்டுவாங்கம் (தாளம் தட்டி, ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துவது) செய்தாள். அவளும் நன்றாகவே ஆடுவாள். ஆனால் மேடை எனக்கு, தாளம் அவளுக்கு என்று வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டிருந்தது. என் ஆட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் காலைச் சொல்லமாட்டார்கள், கண்ணைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தக் கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

அந்தக் கண்தான் கைவிட்டது. ஒத்திகையில் கடைக்கண்ணால் வலப்பக்கம் பார்க்க வேண்டிய இடத்தில், வலது கண் பாதி வழியில் நின்றுவிட்டது. ஹேமா தாளத்தை நிறுத்தினாள்.

"வலது கண்ணு வரலை அக்கா. சோம்பேறியாயிடுத்து. காலம்பற கொஞ்சம் கூட சாதகம் பண்ணினா சரியாயிடும்."

எனக்கும் அதுவே சரியென்று பட்டது. எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. கால் தளர்ந்தால் அடவைக் கூட்டுவோம், கண் தளர்ந்தால் கண் பயிற்சியைக் கூட்டுவோம்.

தினமும் கூட்டினோம். தலை அசையக் கூடாது. விழி மட்டும் வலமும் இடமும், மேலும் கீழும், பிறகு வட்டமாகச் சுற்ற வேண்டும். ஹேமா மூன்று காலத்தில் (ஒன்றைவிட ஒன்று இரட்டிப்பு வேகத்தில்) தட்டுவாள். தொடக்கத்தில் கண் ஓடும். மூன்றாம் காலத்துக்குள் இமை தொங்கிவிடும். தொங்கத் தொங்க விடாமல் செய்தோம். இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது உழைக்க உழைக்கத் தளர்ந்து, ஓய்வில் தேறும் தசை இருக்குமானால், தயவுசெய்து அதைப் பழக்கப் பார்க்காதீர்கள்.

என் கணவர் முரளி ஆழ்வார்பேட்டையில் ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துப் போனார். மதியம் நன்றாகத் தூங்கி எழுந்து, பளிச்சென்று போனேன். ஓய்வெடுத்த கண் சமர்த்தாக எல்லாப் பக்கமும் போய் வந்தது. விளக்கடித்துப் பார்த்த மருத்துவர் கண்ணில் கோளாறில்லை என்றார். வீட்டில் ஏதாவது மனக்கவலை உண்டா என்று முரளியிடம் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

தி. நகரில் ஒரு நிகழ்ச்சியில், பதம் (அபிநயத்துக்கான மெதுவான பாடல்) ஆடிக்கொண்டிருக்கும்போதே வலது இமை மூடிக்கொண்டது. முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். கண்ணடிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். எப்படியோ ஆடி முடித்தேன். திரைக்குப் பின்னால் வந்து பேச வாயெடுத்தால், குரல் மூக்கால் வந்தது. அன்றுதான் எங்கள் மூவருக்கும் பயம் வந்தது.

அடையாறில் இருந்த நரம்பியல் மருத்துவர் ஒரு பெண்மணி. நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "அந்தப் பயிற்சிய அப்படியே இங்க பண்ணுங்க. நான் பாக்கணும்" என்றார். ஹேமா அவருடைய மேஜையைத் தட்டித் தாளம் போட்டாள். இரண்டாம் காலத்திலேயே கண் நின்றது, இமை விழுந்தது. மருத்துவர் கையை உயர்த்தி ஹேமாவை நிறுத்தினார். "போதும். இனிமே இதப் பண்ணவே கூடாது." மேஜை மேலிருந்த ஹேமாவின் கை அப்படியே இருந்தது.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இழுக்கின்றன என்று அவர் படம் வரைந்து காட்டினார். வலப்பக்கம் பார்க்க நினைத்தால், வலது கண்ணின் வெளித் தசைக்கும் இடது கண்ணின் உள் தசைக்கும் ஒரே கட்டளை, ஒரே அளவில், ஒரே நொடியில் போகிறது. எதிர்ப்புறத் தசைகள் அதே நொடியில் பிடியைத் தளர்த்துகின்றன. என் கண்ணில் கட்டளை புறப்பட்டது, நரம்பு வழியாக வந்தும் சேர்ந்தது. அதை வாங்கிக்கொள்ள வேண்டிய தசையின் வாசலை என் உடம்பே அடைத்து வைத்திருந்தது. வர மறுக்கும் கண்ணை இழுப்பதற்காக மூளை கட்டளையை உயர்த்தினால், உயர்ந்த கட்டளை நல்ல கண்ணுக்கும் போகும். அது அளவு மீறி ஓடும். நாங்கள் காலையெல்லாம் பழக்கியது அதைத்தான்.

நோயின் பெயர் மயஸ்தீனியா கிரேவிஸ் (நரம்பின் செய்தி தசையில் சரியாகப் பதியாததால், உழைக்க உழைக்கத் தசை சோரும் நோய்). உறுதிசெய்ய நியோஸ்டிக்மின் (நரம்பின் செய்தி சீக்கிரம் அழியாமல் காக்கும் மருந்து) ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் இமை தானாக மேலே போயிற்று. இரண்டு முரளிகள் ஒருவராகச் சேர்ந்தார்கள். நான் வலப்பக்கம் பார்த்தேன், இடப்பக்கம் பார்த்தேன், சிரித்தேன். முரளி அழுதார். வீட்டுக்கு வரும் வழியில் கோட்டூர்புரம் பாலத்தின் மேல் ஆட்டோ போகும்போது, அவர் மறுபடி இருவரானார்.

பிறகு மாத்திரைகள் வந்தன. வயிறு முறுக்கியது, தொடைத் தசை துடித்தது. ஸ்டீராய்டு (உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து) முகத்தை உப்ப வைத்தது. கண்ணாடியில் என்னை எனக்கே பிடிக்கவில்லை. தைமஸ் (நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள சுரப்பி) வீங்கியிருக்கிறது, அறுத்து எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்குள் காய்ச்சல் வந்தது. ரசம் தொண்டையில் இறங்காமல் மூக்கில் ஏறியது. மூச்சு குறைந்தது. செயற்கைச் சுவாசக் கருவியில் போட்டார்கள்.

அங்கே நான் முழு நினைவோடு இருந்தேன். வாயில் குழாய். பேச முடியாத நோயாளிகள் கண்ணால் பேசுவார்களாம். என் கண்கள் நடுவில் நின்றுவிட்டன. இமைகளை முழுதாகத் திறக்கவும் முடியவில்லை, முழுதாக மூடவும் முடியவில்லை. அந்த இடுக்கு வழியாக மேல்விளக்கு உள்ளே பாய்ந்தது. விழி காய்ந்து, மணல் போட்டு அரைப்பதுபோல் எரிந்தது. விரல்களில் மட்டும் கொஞ்சம் தெம்பு மிச்சமிருந்தது. அதை அசைத்து அசைத்துக் காட்டினேன். "இன்னாம்மா, கைய ஆட்டிக்கினே கீற? ட்யூப்பு புடுங்கிக்கப் போவுது" என்றார் ஆயா. அவர் சொல்லி, நர்ஸ் என் மணிக்கட்டைக் கட்டிலோடு கட்டினார். அவர்கள்மேல் தப்பில்லை. ஆனால் செத்துப்போனால் தேவலை என்று அப்போது நினைத்தேன்.

பார்வையாளர் நேரத்தில் ஹேமா வந்தாள். கட்டிய கையால் அலபத்மம் (விரிந்த தாமரையைக் காட்டும் முத்திரை) பிடித்தேன். விரல்களை ஒவ்வொன்றாகக் குவித்து முகுளம் (மொட்டு) ஆக்கினேன். மிக மெதுவாகத்தான் முடிந்தது. மறுபடி செய்தேன். ஹேமா நர்ஸைக் கூப்பிட்டாள்.

"கண்ண மூடிவிடச் சொல்றா."

களிம்பு தடவி, இமைகளை மூடி, பிளாஸ்டர் ஒட்டினார்கள். அந்த இருட்டைப்போல் நிம்மதியான ஒன்றை என் வாழ்நாளில் நான் அனுபவித்ததில்லை.

மூச்சு திரும்பியது. பிறகு அறுவை சிகிச்சையும் நடந்தது. நெஞ்சில் மேலிருந்து கீழாக ஒரு தழும்பு இருக்கிறது. கண் முழுதாகத் திரும்பவில்லை. இனி மேடை வேண்டாம் என்று மருத்துவர் மென்மையாகத்தான் சொன்னார். நான் அவரிடம் மென்மையாக நடந்துகொள்ளவில்லை.

அடுத்த சீசனில் ஹேமா ஆடினாள், என் உருப்படிகளை (நான் மேடையில் ஆடிவந்த நடனங்களை). மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரம் சரியாக அவள் மேடையேறும்போது வரும்படி கணக்குப் பார்த்து விழுங்கிவிட்டுப் போனேன். தலைமை விருந்தினர் பேசினார். பேசினார், பேசிக்கொண்டேயிருந்தார். என் பார்வையெல்லாம் அவர் பொன்னாடை மேலேயே தீர்ந்துபோயிற்று. ஹேமா வந்தபோது இரண்டாக வந்தாள். ஒரு கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டேன்; கொஞ்ச நேரத்தில் மற்ற இமையும் இறங்கியது. கைதட்டல் மட்டும் கேட்டது. அது எனக்கு வர வேண்டிய கைதட்டல் என்று நெஞ்சு எரிந்தது.

நிகழ்ச்சி முடிந்து, அரிதாரம் கலையாமல் வந்து எப்படியிருந்தது என்று கேட்டாள். பார்க்க முடியவில்லை என்று சொன்னேன்.

மறுநாள் காலை, காப்பி குடிப்பதற்கு முன்பே, பயிற்சிக்குக் கட்டும் பருத்திப் புடவையில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். "மாத்திரை போட்டுண்டியா?" என்று கேட்டாள். போட்டுக்கொண்டு, அது ஏறும்வரை இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். இமை எழுந்ததும் சொன்னேன். கூடத்து நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, பாட்டில்லாமல், தாளமில்லாமல் ஆடினாள். நான் அவளை ஒருத்தியாகப் பார்த்தேன். என்னைவிட நன்றாக ஆடினாள். குரல் மூக்குக்கு ஏறுமுன் அதை அவளிடம் சொல்லிவிட்டேன்.