இடம் மாறிய பன்னிரண்டு சிப்புகள்

அந்தச் சலவைக்கூடத்தில் இவளை எல்லோரும் ‘எக்ஸ்ரே அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக் கோட்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தாலும், நம்பர் அழிந்துபோனதைக்கூடக் காலரைத் தடவியே இன்னாருடையது என்று பிரித்துப் போட்டுவிடுவாள். பதினேழு வருஷ வேலை.

பிறகு பிரிக்கிற மிஷின் வந்தது. கோட்டின் காலருக்குள் பொத்தான் அளவில் ஒரு சிப்பைத் தைத்துவிட்டால் போதும். கொக்கியில் தொங்கிப் போகிற துணியை அதுவே அடையாளம் கண்டு உரிய பையில் இறக்கிவிடும். இவளுக்குக் கொக்கியில் துணி மாட்டுகிற வேலை. சிப்பு தைப்பது இவள் நாத்தனார். புருஷன் விட்டுப் போனதும் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள்; மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே இவள்தான்.

ஒரு மாதமாகியும் மிஷின் ஒரு தப்புகூடச் செய்யவில்லை. அதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை. ஒரு மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, ஆஸ்பத்திரிக் கோட்டு ஆறும் ஓட்டல் கோட்டு ஆறும் எடுத்துச் சிப்புகளை மாற்றித் தைத்தாள். மிஷின் தடுமாறினால் மறுபடி தன்னைத் தேடி வருவார்கள் என்று கணக்குப் போட்டாள். பழி யார் தலையில் விழும் என்று யோசிக்கவில்லை, யோசிக்காமல் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் இரண்டு பக்கமிருந்தும் போன். வெங்காயம் நறுக்கவே அழுகிற சமையல்காரனுக்கு டாக்டர் கோட்டு எதற்கு என்று ஓட்டல்காரர் கேட்டாராம். மேனேஜர் சிரிக்கவில்லை. நாத்தனாரைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார்.  அவளோ தன் கைதான் பிசகிவிட்டது என்று உண்மையாகவே நம்பினாள்.

சாயங்காலம் நாத்தனார் சமையலறைக்கு வந்து நின்றாள்.

“நீங்க சொல்லித்தான அண்ணி வேலை குடுத்தாங்க. உங்க பேரைக் கெடுத்துட்டேன்.”

இவள் பாத்திரத்திலிருந்து தலையை எடுக்காமல், “விடு” என்றாள். 

அடுத்த நான்கு நாளும் நாத்தனார் ஒவ்வொரு சிப்பையும் மூன்று தடவை சரிபார்த்தாள். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. அவளை ஏறெடுத்துப் பார்க்க இவளுக்கு முகமில்லை. ஐந்தாம் நாள் காலையில், எல்லோரும் கூடியிருக்கும்போதே இவள் மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

“சிப்பை மாத்தித் தச்சது நான். அவ மேல ஒரு தப்பும் இல்ல.”

ஏன் செய்தாய் என்று அவர் கேட்டார். இவள் கண் மிஷின் பக்கம் போய்த் திரும்பியது. நாத்தனார் இவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஊசியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள்.

பதினைந்து நாள் வேலைக்கு வரக் கூடாது என்று இவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் நாத்தனார் சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். திரும்பி வந்தபோது இவளைத் தையல் அறையில், அவளுக்குக் கீழே போட்டிருந்தார்கள். கேலி செய்யக்கூட யாரும் வரவில்லை. அதுதான் அதிகம் கூசியது.

முதல் நாள் தைத்த கோட்டுகளை அடுக்கி நீட்டியபோது நாத்தனார் தயங்கினாள்.

“உங்களுத மட்டும் ஒருதரம் பாத்துக்கறேன் அண்ணி. தப்பா எடுத்துக்காதீங்க.”

“பாரும்மா” என்றாள்.

அவள் ஒவ்வொரு காலராகத் திருப்பிப் பார்த்து முடிக்கும்வரை, இவள் பக்கத்திலேயே நின்றாள்.