மருதாணியைச் சேர்த்துச் சொல்லவில்லை

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. பால் பாக்கெட்டை எடுத்து வைத்தேன். டிகாக்‌ஷன் இறக்கினேன். மோட்டார் போட்டு, பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். மகள் தலைக்குக் குளித்து, இடுப்புவரை விழும் கூந்தலை மின்விசிறிக்குக் கீழே உலர்த்திக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை பெருங்குடியில் புது வேலை. அதற்குள் முடியில் அங்கங்கே செம்பு நிறக் கீற்றுகள் வேண்டுமாம். மயிலாப்பூரிலிருந்து ஆழ்வார்பேட்டை பார்லருக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

“இதுக்கு முன்னாடி இன்னா கலர் போட்டுக்கீற?” என்று கேட்டார் பார்லர்காரம்மா.

“கலரே போட்டதில்லக்கா.”

“அம்மா மொறச்சிக்கினு கீறாங்களே. கத்திரிய ஒளிச்சி வெச்சிடவா?”

நானும் சிரித்தேன். மகள் சொன்னது பொய்யென்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் மருதாணி கலர் கணக்கில் வராது. இரும்புச் சட்டியில் தேயிலைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மாதாமாதம் அவள் தலையில் நான்தான் பூசுவேன். பொங்கலுக்குப் பிறகு அவள் நெற்றியோரம் நரை தெரிந்ததால், தி. நகரில் வாங்கிய கறுப்பு மருதாணிப் பொடிக்கு மாறியிருந்தோம். அதற்கும் எங்களுக்குப் பெயர் மருதாணிதான்.

பின்கழுத்திலிருந்து கொத்துக் கொத்தாகப் பிரித்து, பிளீச் தடவி, அலுமினியத் தாளில் மடித்தார். மூன்றாவது கொத்தை மடிக்கும்போது மகள் கையைத் தூக்கினாள்.

“அக்கா, சூடா இருக்கு.”

“லேசா அப்டித்தான் இருக்கும்.”

“இல்லக்கா, கழுத்து சுடுது!”

தாளைத் தொட்டவர் கையை உதறினார். அது உப்பியிருந்தது. மூன்று தாள்களையும் பிய்த்தெறிந்து, அவள் தலையைத் தொட்டிக்கு இழுத்துக் குழாயைத் திறந்தார். கருகல் நாற்றம்.

“இன்னா போட்டீங்க தலைல?”

“மருதாணி மட்டும்தான்” என்றேன்.

“வெறும் மருதாணியா, கறுப்பா?”

“கறுப்பு.”

அந்தப் பொடிகள் சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும், பிளீச் பட்டால் கொதிக்கும் என்றார். கழுத்து சிவந்திருந்தது, கொப்புளம் இல்லை. அந்தக் கொத்துகள் மட்டும் வெந்த சேமியாபோல் கையில் வழுக்கின. கழுவும்போது பிளீச் மற்ற முடியிலும் வழிந்திருந்தது. எதுவரை கெட்டிருக்கிறது என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

“இன்னிக்கு சீப்பே வெக்காத. காலைல நனைச்சி இழுத்துப் பாரு. திரும்ப சுருங்குனா பொழைச்சிக்கும். அறுந்தா வெட்டிடு. வெச்சிக்கினு அழாத.”

ஆட்டோவில் மகள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்கவே இல்லை.

“மருதாணி ஒண்ணும் பண்ணாதுன்னு நீதானம்மா சொன்ன?”

“கலர் வேணும்னு நீதானடி நின்ன?”



சனிக்கிழமை காலை, அடுப்பைப் பற்றவைக்கும் முன் சமையலறைக் குழாயில் இரண்டு முடிகளை நனைத்தோம். முன்பக்கத்து முடி நீண்டு, விட்டதும் சுருங்கியது. கழுத்தோரத்து முடி நீண்டது, நீண்டபடியே நின்றது, அறுந்தது. மகள் திரும்பி நின்று மேல்முடியை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள்.

“அந்த மூணு கொத்துதான். பாத்து வெட்டும்மா.”

வெட்டினேன்.