மோர்மிளகாயில் விழுந்த தண்ணி

"…அதுவும் இண்டைக்குத்தானோ உங்களுக்குத் தண்ணி விட வேணும்?" பக்கத்து வீட்டு ராணியக்கா வேலிக்கு அங்கால நிண்டு கேட்டா.

பனிக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த புல்தரைத் தெளிப்பான்களை நான் முதலில் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்க வேணும். பார்க்காமல் நிலவறைக்குப் போய்க் குழாயை ஒரேயடியாகத் திறந்துவிட்டேன். வேலிப்பக்கம் திரும்பியிருந்த ஒன்று, ஓல்டன் நகரில் பனிக்குப் பிறகு வந்த முதல் வெயிலுக்கு அக்கா காயவைத்த மோர்மிளகாயை முழுக்க நனைத்துவிட்டது.

"தெரியாமல் நடந்திட்டுது அக்கா."

"தெரியாட்டி ஏன் தொடுறியள்? பிள்ளைத்தாச்சி மகளுக்குக் கொண்டுபோக வைச்சது. இதில்லாமல் அவளுக்குச் சோறு இறங்குதில்லை."

இத்தோடு எங்கள் கதை பேச்சு முடிஞ்சுது என்றுதான் நினைத்தேன். இப்படி ஏசினவர்கள் திரும்பி வருவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. வெயில் என் பக்கம் திரும்பியதும் அக்கா தட்டுகளோடு வந்து, என் தோட்டத்து மேசையில் மிளகாயைப் பரப்பி, எனக்கு முதுகைக் காட்டியபடி தெளிப்பானுக்குக் காவல் இருந்தா.